ஒன்றரை அடி

ஜூலை 6, திங்கள்

வெடிமருந்துக் கடைக்காரர் வருஷா வருஷம் எங்கள் குவாரி ஆபீசுக்கு ஒரு டைரி கொடுப்பார். இந்த வருஷத்து டைரி ஆறு மாதமாக மேசைக்கடியில் தூசியோடு கிடந்தது. மேனேஜர் தனசேகரன் சார் அதைத் தட்டித் துடைத்து என்னிடம் கொடுத்தார். "வாயிலதான் ஒண்ணும் வர மாட்டேங்குது. கையிலயாச்சும் பேசு அம்மிணி" என்றார்.

எனக்குப் பதினாறு வயது. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் போன வருஷம் ஆபீசில் சேர்த்துக்கொண்டார்கள். வருகைப் பதிவு, லாரிச் சீட்டு, அரசாங்கப் படிவங்கள் எல்லாம் நான்தான் எழுதுகிறேன்.

இன்று ஒரு தபால் வந்தது. பாதுகாப்பு விதியை மீறிய குவாரிகள் மேல் போட்ட வழக்குகளில், சமரசமாகப் பேசி முடித்தவற்றை எல்லாம் ஒரு குழு திரும்பப் பார்க்கிறதாம். ஒப்புக்கொண்டபடி குறைகளைச் சரி செய்தார்களா என்று விசாரிப்பார்களாம். எங்கள் குவாரிக்கு 24ஆம் தேதி வருகிறார்கள். சரி செய்துவிட்டோம் என்று போன வருஷம் நீங்கள் கொடுத்த படிவம் எங்களிடம் மழையில் நனைந்து படிக்க முடியாமல் போய்விட்டது, உங்கள் பிரதியை எடுத்து வையுங்கள் என்று எழுதியிருந்தது.

"வரட்டும். டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தா போகப்போறாங்க" என்றார் சார்.

ஜூலை 8, புதன்

தண்ணி லாரி வரவில்லை. கல் உடைக்கும் கிரஷருக்குப் பின்னால் இருக்கும் தொட்டியிலிருந்து நானும் அக்காவும் எட்டுக் குடம் எடுத்தோம். மேலே படிந்திருந்த வெள்ளைத் தூசியைத் துணியில் வடிகட்டினோம்.

மதியம் சாப்பாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். "பெஞ்சு காலியாத்தானே கெடக்குது, உக்காந்து தின்னேண்டி" என்று அக்கா அதட்டினாள். காலில் கொப்புளம் என்று சொன்னேன். கொப்புளத்துக்கு உட்கார்ந்தால்தானே நல்லது என்று அவள் திரும்பக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவள் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

ஜூலை 9, வியாழன்

அந்தப் பழைய படிவத்தைத் தேடி எடுக்கச் சொன்னார் சார். மூன்று பீரோ இருக்கின்றன. நான் இரண்டு நிமிடத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

"எப்படிப் புள்ள, மந்திரம் போட்ட மாதிரி?"

"பச்சைப் பைலுங்க சார். நாலாவது."

அவர் படிக்கவில்லை. கண்ணாடி டம்ளரைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஜூலை 10, வெள்ளி

இன்னும் படிக்கவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

அம்மாவுக்கு வாரத்தில் இந்த ஒரு நாள்தான் கிரஷர் இல்லை. மூவரும் தலைக்குக் குளித்தோம். எத்தனை முறை அலசினாலும் கடைசித் தண்ணீர்கூடச் சாம்பல் நிறத்தில்தான் போகிறது.

அக்காவின் பெயர் மேகலா. போன வருஷம் ஆவணியில் கல்யாணம். குழந்தைவேல் மாமா இதே குவாரியில் கம்ப்ரெசர் வைத்துப் பாறையில் வெடிக்குத் துளை போடுபவர். இந்த பிப்ரவரி 19ஆம் தேதி பழைய குழியில் பாறைச் சுவர் சரிந்தது. மாமா கீழே இருந்தார். அதற்குப் பிறகு அக்கா எங்களோடு கம்பெனி கொடுத்த இந்த லைன் வீட்டில் இருக்கிறாள். கிரஷரில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கல் பொறுக்குகிறாள்.

பழைய குழியை மூடிவிட்டார்கள். இப்போது அதில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. துணியை உலர்த்திவிட்டு அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா இறந்த பிறகு கம்பெனிக்காரர்கள் அவளிடம் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் 'தொழிலாளி தன் கவனக்குறைவால்' என்று ஒரு வரி இருந்தது. அக்கா ஐந்தாவது வரை படித்தவள். அன்றைக்கு எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் காகிதத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"அவரு கவனமில்லாத ஆளா வாணி? செருப்பக் கழட்டுனாக்கூட ரெண்டையும் சேத்து வெப்பாரு. வாரவங்ககிட்ட நான் வேற எதுவும் கேக்கப் போறதில்ல. சொவரு ஏன் விழுந்துச்சு, அது மட்டும் சொல்லுங்கன்னு கேப்பேன். அந்த வார்த்தைய எடுக்கச் சொல்லுவேன்."

"எடுத்து என்ன பண்றது கண்ணு?" என்றாள் அம்மா.

"எடுக்கணும்."

நான் கொடியிலிருந்து காயாத துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா திட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 14, செவ்வாய்

சார் இன்று படித்தார்.

முதலில் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஏனம்மிணி, என்ன எழுதி வெச்சிருக்கே! பெஞ்ச், ரெண்டு. உயரம், ஒன்றரை அடி. அகலம், ஒரு அடி. நீளம், ஆறடி. மரத்தாலானது! அடச் சாமி, மரத்தாலானது!"

பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதுல நாலு கையெழுத்து இருக்குது. மொதலாளி, இன்ஜினியர், போர்மேன், நான். ஒருத்தனும் படிக்கல பாரு" என்றார், என்னிடம் இல்லை, சுவரிடம்.

ஜூலை 15, புதன்

எழுதிவிடுகிறேன்.

பாறையை நேர்ச் சுவராக வெட்டக் கூடாது. படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும். ஒவ்வொரு படியும் இத்தனை உயரம், இத்தனை அகலம் என்று விதி இருக்கிறது. மேலே கல் பெயர்ந்தால் அடுத்த படியில் விழுந்து நின்றுவிடும், கீழே இருப்பவர் தலையில் வராது. வேலைக்காரர்கள் அதைப் படி என்பார்கள். படிவத்தில் அதற்குப் பெயர் பெஞ்ச்.

எங்கள் குவாரியில் படி வெட்டவில்லை என்றுதான் முன்பு வழக்குப் போட்டார்கள். வெட்டிவிடுகிறோம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. வெட்டியாகிவிட்டது என்று உறுதி சொல்லும் படிவம் போன வருஷம் ஆபீசுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. 'பெஞ்ச் அமைக்கப்பட்டுள்ளதா? எத்தனை? அளவு என்ன?' என்று கேட்டிருந்தது. சார் போனில் பேசிக்கொண்டே, "எல்லாத்துக்கும் இருக்குதுன்னு போடு" என்றார். அளவு கேட்டிருக்கிறார்களே என்று நான் நின்றேன். "போய் அளந்து போடேன்" என்று கையை ஆட்டினார்.

நான் போய் அளந்தேன். சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்த இரண்டு பெஞ்சுகளை. வேலையாட்கள் உட்கார வசதி செய்திருக்கிறார்களா என்று அரசாங்கம் கேட்கிறது, நல்ல அரசாங்கம் என்று நினைத்தேன். மாமா அப்போது அதில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, நிச்சயம் மட்டும் ஆகியிருந்தது. டேப்பின் மறுமுனையை அவர்தான் பிடித்துக்கொண்டார். "எங்க ஆபீசரம்மா அளக்க வந்துட்டாங்க, எந்திரிங்கப்பா" என்று மற்றவர்களைக் கிளப்பினார்.

எனக்குத் தெரிந்த பெஞ்ச் ஒன்றுதான். ஒன்பதாவதில் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று டீச்சர் என்னைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். பதில் தெரியும். எழுந்தால் சுடிதாரில் கறை பட்டிருப்பது தெரிந்துவிடும் என்றுதான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஏறி நின்றேன். ஒன்றரை அடி உயரத்தில் நின்றால் வகுப்பு முழுவதற்கும் தெரியும். மறுநாளிலிருந்து போகவில்லை.

பிப்ரவரி 19 அன்று இன்ஜினியர் குழிக்கரையில் நின்று, "பெஞ்ச் வெட்டியிருந்தா நின்னிருக்குமேய்யா" என்று போர்மேனைப் பார்த்துக் கத்தினார். அப்போதுதான் எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தது. மாமாவை இன்னும் மேலே தூக்கியிருக்கவில்லை.

ஜூலை 16, வியாழன்

அரிசி வாங்க வேண்டும். அம்மாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது.

ஜூலை 18, சனி

சார் புதிய படிவம் ஒன்று கொண்டுவந்தார். அதே காகிதம், அதே அச்சு.

"அதே கையெழுத்துல எழுதணும் அம்மிணி. தேதியும் போன வருஷத் தேதி. பெஞ்ச், ரெண்டு. உயரம், ஆறு மீட்டர். அகலம், ஆறு மீட்டர். மரத்தாலானதுன்னு மட்டும் போட்டுறாதே."

நான் பேனாவைத் தொடவில்லை.

அவர் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இங்க பாரு. இந்தப் பழைய தாளக் குழு பாத்தா என்னாகும்? எனக்கு வேலை போகும், மொதலாளி அபராதம் கட்டுவாரு, ரெண்டு மாசத்துல கதை முடிஞ்சுரும். ஆனா யார் எழுதுனதுன்னு கேப்பாங்க. உன்னையக் கூப்புடுவாங்க. உங்கக்கா அங்கயே நிக்கும். பொய்ப் படிவம் எழுதுனது சொந்தத் தங்கச்சின்னு அது தெரிஞ்சுக்கணுமா? நான் எனக்காகச் சொல்லல. அந்தப் புள்ள பட்டது போதும்."

எழுதினேன். ஒரு அடித்தல் இல்லாமல் வந்தது. அவர் மதியத்துக்குள் நாலு கையெழுத்தையும் வாங்கிவிட்டார்.

பழையதை டீ அடுப்பில் போட்டு எரித்துவிட்டு வரச் சொன்னார். ஒரு பழைய லாரிச் சீட்டைப் போட்டு எரித்தேன். பழைய படிவம் இந்த டைரியில் பிப்ரவரி 19 பக்கத்தில் இருக்கிறது. ஏன் வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

ஜூலை 21, செவ்வாய்

அக்கா குழுவிடம் கேட்க வேண்டியதை மனப்பாடம் செய்கிறாள். கல் பொறுக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

ஜூலை 24, வெள்ளி

வந்தார்கள். மூன்று பேர். பெரியவர் ரெஜினா மேடம். மூன்று வாரத்தில் நாற்பத்தொரு குவாரி பார்க்க வேண்டுமாம், இது இருபத்தெட்டாவது. கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார், பன்னும் வேண்டாம் என்றார். சார் முகம் ஒரு கணம் மாறியது.

குழியைப் பார்க்கப் போனார்கள். பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. "இதுக்குள்ள என்னத்த அளக்க?" என்று உடன் வந்தவர் கேட்டார். மேடம் ஒரு கல்லை எடுத்துப் போட்டுப் பார்த்தார். வேறென்ன செய்வது என்று தெரியாமல் போட்ட மாதிரி இருந்தது. திரும்பி வந்து படிவத்தைக் கேட்டார்.

படித்தார். முழுதாகப் படித்தார். இதுவரை அந்தப் படிவத்தை ஒழுங்காகப் படித்த ஒரே ஆள் அவர்தான். படித்தது நான் மாற்றி எழுதியதை.

"எழுத்து முத்து முத்தா இருக்கே. யாரு எழுதுனது?"

சார் என்னைக் காட்டினார். அக்கா கதவருகில் நின்றிருந்தாள்.

"ஏம்மா, பெஞ்ச் ரெண்டு இருந்துச்சா? நீ உன் கண்ணால பாத்தியா?"

கேள்வி காதில் நன்றாக விழுந்தது. பதிலும் தெரிந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின்பக்கச் சுடிதாரைக் கையால் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

நான் இரண்டு பெஞ்சைப் பார்த்ததுண்டு. அதனால் தலையை ஆட்டினேன்.

மேடம் எழுதிக்கொண்டார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு மனப்பாடம் செய்தவள், "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு கிரஷருக்குத் திரும்பிப் போனாள்.

ஜூலை 25, சனி

"நேர்ச் சொவரு மாதிரி நிக்குது புள்ள, அண்ணாந்து பாத்தா தொப்பி பின்னால விழுந்துரும்னு அவரு தினமும் சொல்லுவாரு" என்று அக்கா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டாள்.

ஜூலை 29, புதன்

உத்தரவு வந்துவிட்டது. பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப சார் ஒரு பிரதி எடுக்கச் சொன்னார். நான்தான் எழுதினேன். குறை உரிய காலத்தில் சரி செய்யப்பட்டிருக்கிறது, சமரசம் செல்லும். பிப்ரவரி விபத்து, போகக் கூடாத இடத்துக்குத் தொழிலாளி போனதால், தன் கவனக்குறைவால் நடந்தது.

'கவனக்குறைவால்' என்று எழுதும்போது 'றை' கொஞ்சம் கோணலாக வந்தது. அதற்காக இன்னொரு தாளில் முழுவதையும் திரும்ப எழுதினேன்.

சார் லட்டு வாங்கி வந்தார். ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வழியில் நாய்க்குப் போட்டேன். நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஜூலை 31, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் டைரியைத் திறந்து பழைய படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் என் எழுத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவளுடைய கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் நான்தானே பெயர் எழுதினேன்.

"என்னால சீக்கிரம் படிக்க முடியாது. நீ படி" என்றாள்.

"அக்கா..."

"சத்தமாப் படி."

படித்தேன். பெஞ்ச், இரண்டு. உயரம், ஒன்றரை அடி. அகலம், ஒரு அடி. நீளம், ஆறடி. மரத்தாலானது. ஒவ்வொன்றாக என்ன நடந்தது என்றும் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை குழு முன்னால் தலையை ஆட்டியதையும் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. நடுவில் ஒரு முறைகூட அவள் என்னை நிறுத்தவில்லை.

"டேப்ப அவருதான் புடிச்சாரா?"

"ஆமாக்கா."

"சிரிச்சாரா?"

"ஆபீசரம்மான்னு கேலி பண்ணாரு."

அக்கா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். எல்லாவற்றையும் உரித்தாள். நாலு பேர் சமையலுக்கு வேண்டியதைவிட அதிகமாக உரித்தாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, திங்கள்

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். காலையில் அக்கா சேலை மாற்றிக்கொண்டு, "அந்தத் தாள எடுத்துட்டு வா" என்றாள்.

மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு ஒரு அதிகாரியிடம் அனுப்பினார்கள். வயதானவர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எங்கள் கோப்பை எடுத்து வரச் சொல்லி, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கையெழுத்து. ரெண்டுலயும் அதே நாலு கையெழுத்து, ஒரே தேதி. இதுல எதும்மா நிஜம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"ஒன்றரை அடிங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி லேசாகச் சிரித்துவிட்டார். பாவமாகத்தான் சிரித்தார். "ஒன்றரை அடியில எந்தக் குவாரியிலம்மா பெஞ்ச் வெட்டுவாங்க? இதப் பாத்தா யாரோ வெளையாட்டா எழுதுன மாதிரி இருக்குது. ஆறு மீட்டர்னு இருக்கறதுதானே நிஜம் மாதிரி இருக்குது? குழு முன்னாடியும் நீ ஆமான்னு சொன்னதா எழுதியிருக்குது. தண்ணிய எறைச்சுப் பாத்தாத்தான் உண்டு. அதுக்கு மேலதான் கேக்கணும்."

மனு வாங்கியதற்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். 'பெறப்பட்டது' என்று முத்திரை.

ஆகஸ்ட் 6, வியாழன்

எனக்கு ஆபீசில் வேலை இல்லை. மாதக் கடைசிக்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சார் நேரில் வரவில்லை, போர்மேனிடம் சொல்லி அனுப்பினார். "நீ வாயத் தொறக்கறதுக்கு இந்த நேரந்தான் கெடச்சுதா" என்று அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் 10, திங்கள்

போனோம். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 17, திங்கள்

போனோம். தண்ணீர் இறைப்பதற்கு உத்தரவு போட வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். புதியவர் வரவில்லை. எப்போது வருவார் என்று தெரியாதாம். பழைய குழியை மண் போட்டு நிரப்பக் கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது என்றும் அந்த வயதான அதிகாரி சொன்னார். மரம் நடப் போகிறார்களாம். சொல்லிவிட்டு எங்களைப் பார்க்காமல் மேசையில் எதையோ தேடினார்.

அக்கா, "அந்த வார்த்தைய மட்டுமாச்சும் எடுக்க முடியுங்களா சார்?" என்று கேட்டாள்.

"எந்த வார்த்தைம்மா?"

அக்கா சொன்னாள். அவர் கோப்பைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்துப் படித்தார். அந்தப் பிரதியும் என் எழுத்துதான். "உத்தரவுல இருக்கறத எடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றார்.

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்ச் இருந்தது. மரப் பெஞ்ச். ஒரு கால் ஆடாமல் இருக்கச் செங்கல் துண்டு வைத்திருந்தார்கள். அக்கா உட்கார்ந்தாள். மூன்று திங்கள்கிழமையும் கொடுத்த சீட்டுகளை மடியில் வைத்து அடுக்கினாள். நான் தூணோரம் நின்றேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கொஞ்ச நேரம் போன பிறகு அவள் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காரு" என்றாள். பதினேழு நாளில் அவள் என்னிடமாகச் சொன்ன இரண்டாவது வார்த்தையோ மூன்றாவதோ.

"பரவாயில்லக்கா."

"அவரு உக்காந்ததும் இந்த மாதிரி பெஞ்சுதான். நீ அளந்ததுதான். உக்காரு."

உட்கார்ந்தேன். என் கால் தரையில் பட்டது. அக்கா முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதையே பார்த்தேன்.